மூன்று நிமிடம் நாற்பது நொடி

கடையில் இருபத்தேழு டிவி.
இருபத்தேழிலும் ஒரே பனி.
டெமோவுக்கென்று கம்பெனி தந்த காட்சி,
மூன்று நிமிடம் நாற்பது நொடி,
முடிந்ததும் மூச்சு விடாமல் முதலிலிருந்து.

திபெத் மேட்டுநிலம். காப்புக்காடு என்கிறார்கள்,
ஒரு மரம்கூட இல்லை.
கல், புல், உறைந்த ஏரி,
தூரத்தில் அவிழ்க்காத மூட்டைகளாய்க் காட்டு யாக்குகள்.
பிறகு சிரு மான்கள்.
அத்தனையும் பிணை, அத்தனையும் சினை.
கலைமான்களை முதல் வாரம் தேடிப் பார்த்தேன்.
அவை வருவதில்லையாம்.
பேறுகால ஏரிக்குப் பிணைகள் மட்டும் நடந்துபோய்க்
குட்டிகளோடு திரும்புமாம்.
சொன்னது முதலாளியம்மா ஷென் யூலான்.
காட்சியில் அது இல்லை.

காட்சியில் ஒரு தார்ச்சாலை குறுக்கிடுகிறது.
சிவப்புக் கொடியோடு ஒருவன் லாரிகளை நிறுத்துகிறான்.
முன்னால் வரும் மான்
ஒரு குளம்பைத் தாரில் வைக்கிறது.

மறுபடி பனி.

வெளியே டிராகன் மார்ட் கார் நிறுத்தத்தில்
நாற்பத்தாறு டிகிரி.
"கறுப்பு நல்ல கறுப்பா வருமா?"
"பாருங்க சார், மூக்கு ஈரம்கூடத் தெரியும்."
இப்படித்தான் மூன்று வருடம் மான்களைக் காட்டி விற்றேன்.

ஷென் சியானில் பிறந்தவர்,
அந்த ஊர் சாங்கானாக இருந்த கதை தெரிந்தவர்.
ஆள் வராத மதியங்களில்
கால்குலேட்டரைத் தள்ளிவிட்டு
மேஜைக் கண்ணாடியில் விரலால் கோடு போடுவார்.
இங்கே அரண்மனை.
இப்படிக் கட்டம் கட்டமாய் நூற்றெட்டுப் பேட்டை,
பேட்டைக்கு மதில், மதிலுக்குக் கதவு.
இது மேற்குச் சந்தை.
"பாரசீகர், அரபிகள் எல்லாம்
எங்கள் ஊரில் வந்து கடை போட்டார்கள்.
இப்போது நான் இவர்கள் ஊரில்."
சிரிப்பில் வாடகை பாக்கி தெரிந்தது.

அந்தியில் அறுநூறு முரசடி.
கடைசி அடியோடு கதவுகள் சாத்திவிடுவார்கள்.
அப்புறம் தெருவில் அகப்பட்டால் இருபது பிரம்படி.

எனக்கொன்றும் ஆச்சரியமில்லை.
சைனா கிளஸ்டரில், முனை வளைந்த கூரையின் கீழ்,
பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம்
நானும் சூசைமாணிக்கமும்.
பதினோரு மணிக்கு மேல் குழாய் திறக்கக் கூடாது.
முரசுதான் இல்லை.

"ராத்திரி யாருமே போக முடியாதா?"
"சீட்டு இருந்தால் போகலாம்.
நோய்க்குச் சீட்டு. கல்யாணத்துக்கு, சாவுக்குச் சீட்டு."
"பேறுக்கு?"
ஷென் என் வயிற்றைப் பார்த்தார்.
சட்டத்தில் இருந்ததா என்று அவருக்கும் தெரியவில்லை.
"இருந்திருக்கும்," என்றார் கொஞ்சம் கழித்து,
"அந்தக் காவல்காரனையும் ஒருத்தி பெற்றுத்தானே இருப்பாள்."

என் சீட்டு நீல ஃபைலில் இருக்கிறது.
முப்பத்திரண்டு வாரம், பயணம் செய்யலாம்,
டாக்டர் கையெழுத்து, முத்திரை.
சார்ஜா டு திருச்சி, ஜன்னலோரம்.
போவதற்குச் சீட்டு சுலபம்.

பெண்மானுக்குத் தமிழில் பிணை என்று பெயர்.
ஜாமீனுக்கும் அதுவே பெயர்.
பிறக்கப் போவதற்கு இங்கே விசா எடுத்துப்
பிணை நிற்க
சூசையின் சம்பளத்தில் எண்ணூறு திர்ஹம் குறைகிறது.
அதற்கெல்லாம் யாரும் கொடி பிடிப்பதில்லை.
நேற்று இரவு அவர் கேட்டார், குரலைத் தாழ்த்தி:
"அங்கேயே விட்டுட்டு, நீ மட்டும் வந்துடேன்,
ஒரு வருஷம்தானே."
தடுப்புக்கு அப்பால் யாரோ இருமினார்கள்.
நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.
அவர் மேல் கோபம்கூட வரவில்லை.
கலைமான் ஏரியைப் பார்த்ததில்லை.

இன்று என் கடைசி ஷிஃப்ட்.
கடை சாத்தும் அறிவிப்பு மூன்று மொழியில் வந்தது.
ஷட்டர் பாதி இறங்கியதும்
ரிமோட்டை எடுத்தேன்.
மூன்று நிமிடம் முப்பத்தொன்பதாவது நொடியில்
நிறுத்தினேன்.

இருபத்தேழு சாலைகளிலும் லாரிகள் நிற்கின்றன.
இருபத்தேழு குளம்புகள் தாரின் மேல்.
ஒரு டிரைவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்க்கிறான்.
இத்தனை நாள் அவனை நான் கவனித்ததேயில்லை.

"அப்படியே விட்டால் திரையில் தழும்பு விழும்,"
என்றார் ஷென்.
சொன்னாரே தவிர
ரிமோட்டுக்குக் கை நீட்டவில்லை.