பூஜ்ஜியமாவது யூனிட்

சாட்ஸ்வர்த்தில் பதினோரு யூனிட்.
நான் வைத்ததோ பன்னிரண்டு பெட்டி.

கணினி பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும்,
ஊர் ஒன்றிலிருந்து.
ஏழாம் யூனிட் ஏழாம் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று
முதல் பெட்டியைச் சும்மா விட்டேன்.

பெட்டிக்குள் இருப்பது
குழாயில் தண்ணீர் வராத நாட்கள்.
நள்ளிரவில் நிரல் வரிசையாகப் போய்
ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டும்.
லாரி போய்வந்த யூனிட்டைக்
காலையில் நான் பூஜ்ஜியமாக்குவேன்.
அவ்வளவுதான் வேலை.

முதல் வாரம் எதுவுமே கூடவில்லை.
பெட்டியைத் திறந்து எண்ணை எடுத்து
உள்ளங்கையில் வைத்துக் கூட்டியிருக்கிறேன்,
திரும்பப் போடவில்லை.
கையில் ஒன்று. பெட்டியில் பூஜ்ஜியம்.
திரை முழுக்கப் பூஜ்ஜியம் பார்த்து
டுபே சார் பூரித்துப்போனார்:
"எல்லாருக்கும் தண்ணீர்!"
அந்த நேரம் பார்த்து
மான்ட்ஃபோர்டிலிருந்து பத்மவேணி நாயுடுவின் போன்:
"என் வாளியை வந்து பாரும்மா."

எண்ணைச் சொல்லாதே, இடத்தைச் சொல்.
இத்தனையாவது பெட்டியில்,
அங்கேயே, ஒன்று.

இன்னோர் இரவு தூக்கக் கலக்கத்தில்
கூட்டல் குறியை அடைப்புக்கு உள்ளே வைத்துவிட்டேன்.
பெட்டியில் எதுவும் ஏறவில்லை;
நான்தான் அடுத்த வாசலுக்கு நகர்ந்திருந்தேன்.
அரசாங்கம் ஒரு காலத்தில் செய்ததும் இதுதான்:
வீட்டில் ஒன்றும் கூட்டாமல்
ஆட்களை அடுத்த எண்ணுக்கு.

இப்போது சரியாக ஓடுகிறது.
லாரி வர வர எண்கள் விழுகின்றன,
மறுபடி முளைக்கின்றன.
ஒன்று மட்டும் விழவேயில்லை.
பட்டியலின் உச்சியில்
பூஜ்ஜியம் யூனிட், நாற்பத்தொரு நாள்.

லாரி ஓட்டும் ம்தெம்பு தாளைத் திருப்பிக் காட்டினார்:
"இது எந்தப் பக்கம்?
முதலில் அங்கேயல்லவா போகணும்."

கேட்டோ மேனர் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
எண் ஒட்டுவதற்கு முன்னால் இருந்த இடம்.
அவருடைய ஆட்களும் அங்கே
இரண்டு தகரம் தள்ளி இருந்திருக்கலாம்.

"பிழை," என்றேன்.
"பிழைக்கு நாற்பத்தொரு நாள் தாகமா?"
சாவியைச் சுழற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்றிலிருந்து தொடங்கு:
ஒரே ஓர் இலக்கம் மாற்றினால் போதும்.
விரல் விசைமேல்தான் இருக்கிறது.
மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.
அடுக்களையில் குழாய் இருமுகிறது.
ஓடிப் போய்த் திறந்து பார்த்தேன்,
காற்று.