தவணை

அச்சகக்காரர் நல்லரெத்தினம் கேட்டது ஒரே ஒரு பக்கம்:
‘புட் ஓஃப்’.
பொருள், ஒத்த சொற்கள், உதாரணம் இரண்டு.
பக்கத்துக்கு முந்நூறு ரூபாய்.
கையடக்க அகராதி, பொங்கலுக்குள் வெளியே வரவேண்டும்.
‘பின்போடுதல்’ என்று எழுதினேன்.
கீழே கோடும் இழுத்தேன்.
அதோடு மூன்று கிழமை.

பகலில் எனக்குக் களுவாஞ்சிகுடிக் கோட்டில் வேலை.
எதிராளியின் சட்டத்தரணி ஆங்கிலத்தில் எழும்புவார்,
நான் அவரைத் தமிழில் இருத்துவேன்.
ஜீவமலரின் தாபரிப்பு வழக்கில்
அவர் எழும்பியதெல்லாம் இந்த ஒரு சொல்லுக்குத்தான்.
காய்ச்சல் என்றார்.
கோப்பு மட்டக்களப்பில் என்றார்.
கட்சிக்காரர் கட்டாரில் என்றார்.
ஒருமுறை ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் விரித்தார்,
அதையும் மொழிபெயர்த்தேன்:
ஒத்திவைக்கப்படுகிறது.

வாசலில் மறித்துக் கேட்டாள்:
“ஒத்தி எண்டா ஈடு வைக்கிறதுதானே சேர்?
என்ட நாளை ஆருக்கிட்ட ஒத்தி வெச்சீங்க?
மீட்க எவ்வளவு?”

அடுத்த முறை சொல்லை மாற்றிப் பார்த்தேன்.
தள்ளிவைக்கப்படுகிறது.
“அது பிள்ளை பிறந்த கையோட நடந்திட்டே சேர்,”
என்றாள், சிரித்தபடி.

ஆறப்போடுதல், இழுத்தடித்தல், கிடப்பில் போடுதல்.
அகராதிக்கு ஆகும். கோட்டுக்கு ஆகாது.

வேறு பொருள்களும் இருக்கின்றன இந்தச் சொல்லுக்கு.
நாலரைக்குக் காவலாளி மயில்வாகனம்
முதலில் விசிறியை, பிறகு விளக்கை நூர்ப்பார்.
அதுவும் இதே சொல்.
பஸ்ஸில் இருந்து ஆளை இறக்கிவிடுதல், அதுவும்.
ஓந்தாச்சிமடத்தில் அவளும் பிள்ளையும் இறங்குவார்கள்.
கொண்டக்டர் விசில் ஊதி, பஸ் நகர்ந்த பிறகுதான்
பிள்ளையின் ஒரு செருப்பு
சீற்றுக்கு அடியில் கிடப்பது தெரியும்.
யன்னலால் எறிவேன்.
சில நேரம் போய்ச் சேரும்.

வழக்குத் தொடங்கும்போது இடுப்பில் இருந்த பிள்ளை
மூன்றாம் தவணைப் பரீட்சை எழுதிவிட்டாள்.
தவணைக்கு எடுத்த தையல் மெசினுக்கு
மாதாமாதம் பத்தாம் திகதி ஆள் வருகிறான்.
அந்தத் தவணைக்குத் தவணை கிடையாது.

மனம் விட்டுப்போகப் பண்ணுதல் என்றும் ஒரு பொருள்.
உதாரணம் தேடி எங்கும் போகத் தேவையில்லை,
எட்டு மணியிலிருந்தே
கோட்டு வாங்கில் குந்தியிருக்கும்.

பதினோராம் தவணை.
மார்கழி, அடைமழை,
வாவி வீதிக்கு ஏறியிருந்தது.
சட்டத்தரணி அன்றைக்குத் தயார்.
அதிசயம், கோப்பும் இருந்தது.
ஜீவமலர் எழும்பினாள்:
“எனக்கு ஒரு தவணை வேணும் ஐயா.
தை மாசம் பள்ளிக்கூடம் துறக்குது.
அறுபத்திரெண்டு வெள்ளைச் சட்டை தைச்சுக் குடுக்கணும்,
பொத்தான் ஓட்டை ஒண்டும் இன்னும் வெட்டல்ல.
இண்டைக்கு எனக்கு நேரமில்ல.”

சட்டத்தரணி என்னைப் பார்த்தார்.
நான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும்.
வாயைத் திறந்தேன், சொல் வந்தது,
வாக்கியம்தான் தலைகீழாக நின்றது.
இத்தனை நாளும்
வைக்கப்பட்டது, தள்ளப்பட்டது, போடப்பட்டது,
செய்தது யாரென்று கேட்க விடாத வினைகள்.
இப்போது வினைக்கு முன்னால்
நனைந்த குடையோடு
ஓர் எழுவாய் நின்றது.

இரவு பக்கத்தை முடித்தேன், அரைவாசி.
உதாரணம் ஒன்று:
ஜீவமலர் வழக்கைப் பின்போட்டாள்.
இரண்டாவதற்கு இடம் விட்டிருக்கிறேன்.
நல்லரெத்தினம் நாளைக்கும் கோல் எடுப்பார்.
எடுக்கட்டும்.