கடைச் செய்தி, பிப்ரவரி இரண்டாம் வாரம்

அன்புள்ள வாடிக்கையாளர்களே,
சரக்கு வந்துவிட்டது.
மூன்று வாரம் டுலுத் கிடங்கில் முடங்கிக் கிடந்து
நேற்றுத்தான் பாலம் தாண்டி ஹான்காக் வந்து சேர்ந்தது.
மெரினோ நாலு நிறம், காலுறை நூல் ஆறு நிறம்.
பெட்டியின் ஒரு மூலை நனைந்திருக்கிறது.
நூல் நனையவில்லை. முகர்ந்தே பார்த்துவிட்டேன்.

தேவாலயக் கையுறைப் பெட்டிக்கு
இதுவரை நாற்பத்தொரு கையுறைகள்.
நாற்பத்தொன்று ஒற்றைப்படை என்பதை
ஹெல்வி லாம்பினென் கவனிக்கவும்.

வியாழன் மாலை பின்னல் வட்டம் உண்டு.
பனி ஒதுக்கும் வண்டி போன பிறகு
வாசலில் இடுப்புயர மேடு நிற்கும்.
ஏறி வாருங்கள். மண்வெட்டி உள்ளே மாட்டிக்கொண்டது.

இங்கே நிறுத்தினேன். மணி ஒன்பது.
அதே திரையில் இன்னொரு கதவைத் திறந்தேன்.
அங்கே நான் லோர்னா இல்லை,
எனக்கு ஊர் இல்லை, கடை இல்லை.
செவ்வாயும் சனியும் மூன்று மணி நேரம்
முகம் தெரியாதவர்கள் எழுதுவார்கள்,
நான் கேட்பேன். சம்பளம் கிடையாது.

பயிற்சியில் சொன்னார்கள்: கேள்.
அடுத்த பக்கத்திலேயே சொன்னார்கள்: துருவிக் கேட்காதே.
புத்தி சொல்லாதே. உன் கதையை எடுக்காதே.
'எனக்கும் அப்படித்தான்' என்று
மறந்தும் தட்டாதே.
எந்த ஊசிக்கு எந்த நூல் என்று
நாள் முழுக்க அளந்து பிழைக்கிறவளுக்கு
இது உப்பில்லாப் பத்தியம்.

இன்று வந்தவர் தன் பெயரைத் தூண்டில் என்று வைத்திருந்தார்.
வெகுநேரம் மூன்று புள்ளிகள் மட்டும்
தோன்றித் தோன்றி மறைந்தன,
உறைந்த ஏரியின் துளையில் மிதவை அசைவதுபோல.
பிறகு ஒரே மூச்சில்:
மனைவி போய்ப் பதினான்கு மாதம்.
சோபாக் கைப்பிடியில் அவள் பாதி பின்னிய காலுறை
ஊசிகளோடு அப்படியே இருக்கிறது.
வீட்டை விற்கிறேன்.
ஊசியை உருவினால் எல்லாம் அவிழ்ந்துவிடுமா?

எனக்குத் தெரியும்.
இந்த உலகத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த
ஆறேழு விஷயங்களில் அது ஒன்று.
விரல்கள் விசைகள்மேல் வந்து நின்றன.
அவிழ்ந்துவிடும் என்று பயமா,
அவிழாது என்று பயமா,
அவர் சொல்லவில்லை. நான் கேட்கக் கூடாது.
'பதினான்கு மாதமாக அது அங்கேயே இருக்கிறது'
என்று மட்டும் எழுதினேன்.
ஆமாம், என்றார்.

அப்புறம் தவறிவிட்டேன்.
என்ன நிறம், என்று கேட்டேன்.

பதினோரு நிமிடம்.
அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது.
பனி வண்டியின் மஞ்சள் விளக்கு
அலமாரி அலமாரியாக நூலைத் தடவிவிட்டுப் போனது.

எனக்கு நிறம் தெரியாது, என்றார். பிறவியிலேயே.
பச்சை என்று அவள்தான் சொன்னாள்.
அவள் பச்சை என்றால் பச்சை.

நேரம் முடிகிற சமயத்தில் நாலு வரி அனுப்பினேன்:
ஒரு முழ நூல், முனை மழுங்கிய தையல் ஊசி,
கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு
பிறகு உருவுங்கள், நிற்கும்.
இது புத்திமதியா, சமையல் குறிப்பா என்பதை
மேற்பார்வையாளர் முடிவு செய்யட்டும்.
எழுதிக்கொண்டேன், என்றார் தூண்டில்.
உருவுவாரா, தெரியாது.
அவர் எந்த ஊர் என்பதும் தெரியாது.

சரி. விட்ட இடத்திலிருந்து.
காலுறை நூல் ஆறு நிறம் என்றேன் அல்லவா:
சாம்பல், கடுகு, செங்கல், கருநீலம், பால் வெள்ளை.
ஆறாவது பச்சை.
பாசியா, தளிரா, பழைய புட்டிக் கண்ணாடியா என்று
போன வாரமாயிருந்தால் மூன்று வரி எழுதியிருப்பேன்.
பச்சை. அவ்வளவுதான். என்னை நம்புங்கள்.

நாளை புதன்கிழமை கடை பதினொரு மணிக்குத்தான் திறக்கும்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

ஹெல்வி,
நாற்பத்தொன்று இருக்கட்டும்.