பின்பக்கம்

பஹாவ் சந்தைக்குப் பின்னால்
சைக்கிளும் மோட்டாரும் பழுது பார்க்கும் என் கடைக்குத்
தவமலர் என்றொருத்தி வந்தாள்.
சக்கரம் எதுவும் கொண்டுவரவில்லை.
"பழைய பேப்பரை வெட்டி ஒட்டி வைக்கிறது நீங்கதானே?"

நான்தான்.
முப்பத்தெட்டு வருடம், ஏழு கணக்குப் புத்தகம்.
தோட்டத்தைத் துண்டு போட்டது, பள்ளிக்கூடம் இடம் மாறியது,
எண்ணெய் ஆலையில் கொதிகலன் வெடித்தது,
கோயில் கூரைக்கு மானியம் வருகிறது என்றது,
அப்புறம் வராது என்றது.

அவளுக்கு வேண்டியது எண்பத்தேழு, மே, ஒரு ஞாயிறு.
அப்பாவின் முப்பத்தோராம் நாள் அஞ்சலி.
லயம் எரிந்தபோது படமெல்லாம் போய்விட்டதாம்.
"பேரு அடைக்கன். டிராக்டர் ஓட்டினவரு.
அப்ப நான் அம்மா வயித்துல.
என் மகன் யார் ஜாடைன்னு தெரியணும்."

அந்த ஞாயிறு எனக்குத் தெரியும்.
முதல் புத்தகம், முதல் பக்கம்:
தோட்டங்களுக்கிடையே காற்பந்து.
கோல் கம்பத்தின் குறுக்கே பறக்கிறேன்,
விரல் நுனியில் பந்து.
பேப்பரில் என் முகம் வந்தது அந்த ஒருமுறைதான்.

பக்கத்தைக் கிழித்து விளக்குக்கு நேரே பிடித்தேன்.
என் வயிற்றுக்குள்ளிருந்து
ஒரு கண் பார்த்தது.

மரவள்ளி மாவில் காய்ச்சிய பசை.
கோப்பிக்குக் கொதித்த தண்ணீரின் ஆவியில் காட்டி
சவரப் பிளேடால் மெல்ல மெல்லக் கிளப்பினேன்.
வந்தார்.
பாதிதான்.
ஒரு கண், ஒரு காது, மீசையின் ஒரு முனை,
"துயரில் வாடும்
மனைவி, மக்"
நீட்டிய என் கையின் வளைவோடு வெட்டியிருக்கிறேன்.
மீதி முகம் அன்றைக்கே
யார் வீட்டுக்கோ நெத்திலி மடித்துப் போயிருக்கும்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
விற்பனைக்குத் தொங்கிய பக்கக் கண்ணாடி ஒன்றைத் திருப்பி
தன் முகத்தில் ஒரு பாதியைக்
கையால் மூடிப் பார்த்தாள்.
கையை மாற்றி மறு பாதியையும்.

பிறகு தாளைப் புரட்டி,
"இது நீங்களா? ஜெயிச்சீங்களா?"
"நாலுக்கு ஒண்ணு. தோத்துட்டோம்.
அந்த வரியையும் வெட்டிட்டேன்."
சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.
எடுத்துப் போகச் சொன்னேன். போய்விட்டாள்,
என்னையும் சேர்த்து.

இப்போது கத்தரி எடுக்குமுன்
தாளைத் திருப்பிப் பார்க்கிறேன்.
நேற்று வெள்ளச் செய்திக்குப் பின்னால்
யாரோ ஒரு பிள்ளைக்கு முதல் பிறந்தநாள்,
தலையில் காகிதத் தொப்பி.
தூறலில் சந்தை வரை நடந்து
இன்னொரு பேப்பர் வாங்கி வந்தேன்.