பீரோ மேல் இருக்கும் ஸ்வெட்டர்

ராயபுரத்தில் எங்கள் கோயிலில்
மூன்றாம் ஞாயிறு நிருபம் வாசிப்பது என் முறை.
தொண்டையைச் செருமி, மைக்கை இறக்கி,
ஏதோ ஓர் ஊர்ச் சபைக்கு எவரோ அனுப்பியதை
எங்கள் விலாசத்துக்கு வந்ததுபோல் வாசிப்பேன்.
நடுநடுவே கடிதம் தன் வேஷத்தைக் கலைத்துவிடும்.
விட்டுவந்த அங்கியை எடுத்துவரச் சொல்வார்.
யாருக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்தார் என்பது
அவருக்கே மறந்துபோயிருக்கும்.
வந்தால் தங்க ஓர் அறை வேண்டும் என்பார்.
சொல்லச் சொல்ல எழுதினவன் சும்மா இராமல்
இடையில் புகுந்து தன் வணக்கத்தையும் சேர்த்துவிடுவான்.
வேதம் எழுதுகிறவர்கள் செய்கிற வேலையா இது?
போதகரைக் கேட்டேன் ஒருமுறை.
"ஆவியானவர் அறிவார்" என்று சொல்லிவிட்டு
ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா பார்க்கப் போனார்.

மார்கழிக் கடைசியில்
புழலிலிருந்து தம்பியின் கடிதம் வந்தது.
நீல இன்லேண்டு.
சிறை முத்திரை என் பெயரில் பாதியைத் தின்றிருந்தது.
காசிமேட்டு வீட்டில் கதவைச் சாத்தியும்
ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள்.
ஐஸ் கம்பெனி ஈரத்தோடு குப்புராஜ்,
பாதி தேய்த்த குக்கரோடு தவமணி,
பிள்ளையை இடுப்பில் இருத்தி ஃபுளோரா,
தன் பெயர் எத்தனை முறை வருகிறது என்று
விரல்விட்டு எண்ணத் தயாராக.

வாசித்தேன்.

அக்கா, ராத்திரியில ஏரிக்காத்து எலும்புல ஏறுது.
பீரோ மேல பச்ச ஸ்வெட்டர் கீது, எட்த்துனு வா.
குப்புராஜுக்கு ஆயிரம் தரணும்.
ஆயிரமா, ஆயிரத்து நூறா, அவனையே கேளு.
தவமணியக்கா மவன் ஸ்கூலுக்குப் போறானா?
நான் கேட்டேன்னு சொல்லு.
ஃபுளோராகூட சண்ட போடாத.
ஓரத்தில் பொடி எழுத்தில்:
பையன் சாப்பிடுகிறான் அம்மா, கவலை வேண்டாம்,
இப்படிக்கு எழுதிக்கொடுத்த வேலாயுதம், மூணாம் பிளாக்.
கடைசி வரி மட்டும் தம்பியின் கை,
கொட்டைகொட்டையாய், மேடேறிச் சாய்ந்து:
இத்த யாருக்கும் காட்டாத.

அதையும் உரக்க வாசித்த பிறகுதான் உறைத்தது.
அதற்குள் வாய், பழக்கதோஷம், சொல்லிவிட்டது:
"நிருபம் இத்துடன் முடிந்தது."

யாரும் சிரிக்கவில்லை.
குப்புராஜ் தலைத்துண்டை அவிழ்த்தான்.
"ஆயிரந்தான், நூறு வாணாம்னு எழுது."
தவமணி, "எம் மவனக் கேட்டத இன்னொரு தபா படி."
படித்தேன்.
மறுநாள் மகனையே இழுத்து வந்து நிறுத்தினாள்.
அவனுக்கும் படித்தேன்.
ஃபுளோரா போனில் படமெடுத்து
எண்ணூருக்கு, தன் அம்மாவுக்கு அனுப்பினாள்.
எண்ணூரிலிருந்து மணலிக்குப் போனதாகக் கேள்வி.
படம் கலங்கல்.
மணலியில் எலும்பை எறும்பு என்று படிக்கிறார்களாம்.
ஜெயிலில் எறும்புத் தொல்லை என்று
பவுடர் டப்பா ஒன்று வந்து சேர்ந்தது.

அடித்துவிட்ட வரி ஒன்றும் உண்டு.
டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன்.
அதை மட்டும் யாருக்கும் வாசிக்கவில்லை.
இங்கும் எழுதமாட்டேன்.

தெரிந்திருந்தால் அவர்கள் எழுதியிருப்பார்களா
குளிரை, கடனை, வயிற்றுக்கோளாறை?
செதில் சீவி, குடல் நீக்கி,
வாடையில்லாமல் அல்லவா அனுப்பியிருப்பார்கள்?
எனக்குத் தெரியாது.
தம்பிக்குத் தெரிந்தால் என்னைத் திட்டுவான்,
அதுவரைக்கும் தெரியும்.

இன்று மனு நாள்.
மூலக்கடை நெரிசலில் பஸ் நிற்கிறது.
மடியில் ஸ்வெட்டர், அந்துருண்டை வாசனையோடு.
வாசலில் வாங்குவார்களோ மாட்டார்களோ.
போன தடவை நாடா இருக்கிறதென்று
பேண்ட்டைத் திருப்பிவிட்டார்கள்.
இதில் நாடா இல்லை, மூன்று முறை தடவிப் பார்த்தேன்.
அந்த அங்கி அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று
எந்த நிருபத்திலும் இல்லை.
அதையும் தேடிப் பார்த்துவிட்டேன்.
"கேம்ப்புலாம் எழுந்து வா" என்கிறார் கண்டக்டர்.