ஆறாவது படம்

ஏகாம்பரம் மைதானத்தில் மென்பந்துச் சுற்றுப்போட்டி.
அணிகள் இருபத்துநாலு.
எல்லைக்கயிற்றுக்கு வெளியே
கமராக்காரர் ஏழு பேர், என்னோடு சேர்த்து.

முந்தின வருசத்துக்கு முந்தின வருசம்
நான் மட்டும்தான்.
கழகத் தலைவர் கதிரை போட்டு
சோடா உடைத்துத் தந்தவர்.

இப்போது ரிஸ்மியிடம் ட்ரோன் இருக்கிறது.
அது எழும்பினால் துடுப்பாட்டக்காரன்
பந்தை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறான்.
லோகிதன் காசே வாங்காமல் எடுக்கிறான்,
ஒவ்வொரு படத்திலும் தன் பெயரை
மட்டையை விடப் பெரிதாய்ப் போட்டுக்கொள்ள.
இலவசத்தோடு மல்லுக்கட்ட என்னிடம்
பழைய லென்ஸ் ஒன்றும்
அதற்குக் கட்டி முடியாத தவணையும்.

படம் ஒன்று இருநூறு என்றேன்.
"வட்ஸ்அப்பில போடுங்கோ அக்கா, பார்த்துச் சொல்லுறம்."
போட்டேன். பார்த்தார்கள்.
குறுக்கே கிடந்த 'மிதுலா'வைச்
சுவரொட்டி கிழிப்பதுபோல் உரித்துவிட்டு
புரொபைலில் வைத்தார்கள்.
சொல்லவில்லை.

பின்னேரம் வரை ஆயிரத்து நாற்பது படங்கள்.
விற்றது நாலு, அதில் ஒன்று கடன்.
ஓட்டோவுக்குப் போச்சு. பற்றரிக்குப் போச்சு.
வெயிலுக்கும் போச்சு, இரண்டு சர்பத்.
உப்புக்காற்று லென்ஸில் படியப் படிய
சால்வைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தேன்.
மதிலோரம் ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த புள்ளித்தாளைச் சாவகாசமாய்த் தின்றது.
நாலாம் ஓவரிலிருந்து தின்றிருக்கும்.

கடைசி ஓவர். மூன்று பந்து, ஆறு ஓட்டம்.
ஆறு லென்ஸும் துடுப்பாட்டக்காரன் மீது.
அடித்தால் அவன் வாங்குவான்,
இல்லாவிட்டால் ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் வாங்குவான்.
எனக்கு அந்தப் பக்கம் நிற்க இடம் கிடைக்கவில்லை.
தண்ணீர்த்தாங்கிக்குப் பக்கத்தில் ஒதுங்கினவளுக்குத் தெரிந்தது
லோங்-ஓனில் நின்ற பெடியன் மட்டும்.

பந்து அவனிடமே வந்தது.
விரலை எடுக்காமல் அழுத்தினேன், பதினொரு படம்.
வந்தது, கைக்குள் போனது,
கைக்குள் இருந்து போனது.
வாய் திறந்தபடி நின்றான்.
பற்கள்கூட எண்ணலாம், அவ்வளவு துல்லியம்.

இரவு பத்தரைக்குச் செய்தி:
"அக்கா, நான் யதுசன், சாம்பல்தீவு.
நான் விட்ட பந்து உங்களிட்ட இருக்கோ?"
"இருக்கு. இருநூறு."
எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது,
மறுபடி காட்டியது.
"ஆயிரம் தாறன். அழிச்சு விடுங்கோ."

விசாரித்துப் பார்த்தேன்.
ரிஸ்மியின் ட்ரோன் அப்போது சார்ஜில்.
மற்ற எவரிடமும் இல்லை.
ஏழு கடை திறந்த சந்தையில்
ஒருவரிடமும் இல்லாத சரக்கு, என் கையில்.
ஆயிரத்தைந்நூறு என்று எழுதினேன்.
அழித்தேன்.
"சரி" என்று எழுதினேன்.

ரீலோட்டாய் வந்தது காசு, இரண்டு ஐந்நூறு.
தவணைக்கு ரீலோட் எடுக்கமாட்டார்கள்;
தம்பியிடம் தள்ளிவிட்டு
தொள்ளாயிரத்தைம்பது வாங்கினேன்.

அழிக்கப் போன நேரம் மறுபடி அவன்:
"அதுக்கு முதல் ஒருக்கா பார்க்கலாமோ?"
பதினொன்றையும் அனுப்பினேன்.
கன நேரம் சத்தமில்லை.
நான் சோறு போட்டுச் சாப்பிட்டு
கோப்பையும் கழுவிவிட்டேன்.
"ஆறாவதை மட்டும் விடுங்கோ.
நல்லாத்தான் எடுத்திருக்கிறியள்."

பத்தை அழித்தேன்.
ஆறாவதைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
பத்து விரலுக்கும் நடுவே பந்து,
அசையாமல், அவனுக்கே சொந்தமாய்.

வாற ஞாயிறு கிண்ணியாவில் கரப்பந்து.
ஒன்பது பேர் வருகிறார்களாம்.

காலையில் பார்க்கிறேன்,
யதுசன் படம் மாற்றியிருக்கிறான்.
பிடித்துவிட்டான்.