ஞாயித்துக்கிழமை பஸ்

மேடம், பேப்பரைப் படிச்சேனுங்க.
நாலு பக்கமும் நல்ல வார்த்தையாத்தான் இருக்குது.
'சமுதாயத்துடன் கைகோத்து'ன்னு மூணு எடத்துல வருது.
அந்தச் சமுதாயம் நாமதான்னு
வேலாத்தாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன்.
கட்டிங் மிசினுக்கு ஒரு வெரல் நுனியக் குடுத்தவ அவ.
"இருக்கட்டும், எத்தன மணிக்கு வருவாங்களாமா?"ன்னா.

அதுதானுங்க கேள்வி.

நீங்க சனிக்கிழமைன்னு போட்டிருக்கறீங்க.
திருப்பூர்ல சனிக்கிழமை சம்பள நாளுங்க.
ராத்திரி பத்துக்கு லைட்டு அணையும்.
பஞ்சு ஒட்டுன தலையோட வூட்டுக்குப் போயி
ஒறங்கி எந்திரிச்சு, கறி எடுத்து, துணி தொவச்சு,
ஒறம்பரை வந்திருந்தா அனுப்பிச்சு வெச்சு,
ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு மேலதான்
எங்க ஆளுக ஆளாகறது.
அன்னைக்குக் காலேஜ் பஸ் ஓடாதுங்கறீங்க.

போன வருசம் வேறொரு காலேஜ் வந்துச்சு.
குத்தஞ் சொல்லலைங்க, நல்ல புள்ளைக.
கை கழுவறது எப்படின்னு சொல்லிக்குடுத்தாங்க.
சாயப் பட்டறைச் செல்லக்கா
நகக்கண்ணுல நீலத்தோட
மரியாதையாக் கழுவிக் காமிச்சா.
போட்டோ எடுத்தாங்க. பேனரச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.
விட்டுட்டுப் போயிருந்தா
மழைக்கு ஜன்னல்ல கட்டியிருக்கலாம்.

எங்களுக்கு வேணுங்கறது சின்ன வேல.
ஆதார்ல பூவாத்தாள். பி.எஃப்.ல பூவதல்.
கம்பெனி ரெஜிஸ்டர்ல எஸ். பூவா.
மூணு பொம்பளையும் ஒருத்திதான்னு
கம்ப்யூட்டருக்குப் புரிய வெக்கோணும்.
பதினோரு வருசக் காசு அந்த எழுத்துல மாட்டிக் கெடக்குது.
மொதலாளி கையெழுத்து வேணுமாமா.
கம்பெனியே இப்பக் கல்யாண மண்டபமா ஆயிருச்சு.

நீங்க சோதனைக்குன்னு அனுப்புனீங்களே,
காமர்ஸ் ரெண்டாம் வருசம்.
மொத வாரம் ஆறு பேரு. அடுத்த வாரம் நாலு.
மூணாம் வாரம் மழை. ரெண்டே பேரு,
அனுப்பர்பாளையம் டவுன் பஸ்ல நனஞ்சுக்கிட்டு.
மௌலிங்கற பையன் பூவாத்தாளுக்கு மனு எழுதித்
தேதியத் தப்பாப் போட்டு, திரும்பி வந்துருச்சு.
அவனே போயி க்யூவுல நின்னு
"தப்பு என்னுதுங்க"ன்னு கவுண்டர்ல சொன்னானாமா.
அந்த வார்த்தய அந்தப் பக்கமிருந்து
நாங்க ஒருக்காலும் கேட்டதில்ல.

இன்னொண்ணு. எழுதறதா வேண்டாமான்னு இருந்தேன்.
ஒரு புள்ள, பேரு வேண்டாம்,
முப்பத்தொண்ணாம் டோக்கன் வந்தப்ப
எந்திரிச்சு நின்னுருச்சு. வந்தது அவங்கம்மா.
காலேஜ்ல அம்மா டீச்சர்னு சொல்லி வெச்சிருக்குதாட்ட இருக்குது.
பக்கத்துல கூட்டாளிக.
அம்மாவும் சுதாரிச்சுக்கிட்டு, "மேடம், என் நம்பரு"ன்னா,
பெத்த மகளப் பாத்து.
அந்தப் புள்ள சித்த நேரம் கீபோர்டப் பாத்துச்சு.
அப்புறம் பேரு கேக்காம, பொறந்த தேதி கேக்காம
கடகடன்னு அடிச்சு முடிச்சுருச்சு.
கூட்டாளிக பாத்தாங்க. ஒண்ணுங் கேக்கல.
டீ வாங்கிட்டு வந்தாங்க,
முப்பத்தொண்ணுக்குஞ் சேத்து.

அதனால ரெண்டாம் பக்கத்துல
'பயனாளிகள்'னு எங்கள மட்டும் போட்டிருக்கறத அடிச்சிருக்கறேன்.
என்ன போடறதுன்னு தெரியல, எடம் விட்டிருக்கறேன்.
நூத்தி இருவது மணி நேரம்னு இருக்குது.
அதோட எங்க க்யூ முடியாதுங்க.
ஏப்ரல்ல பரிச்சைன்னா முன்னாடியே சொல்லீருங்க,
டோக்கனக் கொறைச்சுக்கறோம்.
சொல்லாம நின்னுரக்கூடாது.

பேனர் வேணும்னாக் கட்டுங்க.
போகும்போது விட்டுட்டுப் போங்க.

கையெழுத்துப் போட்டுட்டேன்.
எம் பேரும் ஆதார்ல வேற மாதிரிதான்.
அதுல இருக்கற மாதிரியே போட்டிருக்கறேன்,
பின்னால ஒருத்தரும் ரெண்டு பொம்பளைன்னு
சொல்லக்கூடாதில்லீங்களா.

டிரைவருக்கு ஞாயித்துக்கிழமை பேட்டா
யாரு குடுக்கறதுன்னு இன்னும் பேசோணும்.